பந்தி விசாரிக்காத ஓட்டல்

ஓட்டல்ல சாப்புடப் போயி பொண்டாட்டியைத் தொலைச்சுட்டு வந்த ஆளைப் பாத்திருக்கீங்களா? பாத்துக்கங்க, உங்க பக்கத்துலதான் உக்காந்திருக்கறேன். சன்னலோரம் நீங்களே இருங்க, எனக்கு வேண்டாம். இந்த ரோடு எனக்கு மனப்பாடம். சத்தியமங்கலத்துல ஏறுனா புளியம்பட்டி, அன்னூரு, கோயில்பாளையம்னு கண்ணை மூடிட்டுச் சொல்லுவேன்.

செத்துப்போயிட்டாளான்னு பாக்காதீங்க. குத்துக்கல்லாட்டம் இருக்கறா. சரவணம்பட்டில என்ற புள்ள சௌபர்ணிகா கம்ப்யூட்டர் கம்பெனில வேலை பாக்கறா, அங்கயே வீடு எடுத்துத் தங்கியிருக்கறா. அவளோட போயி உக்காந்துட்டா என்ற சம்சாரம் துளசிமணி. இன்னியோட நாப்பத்தி மூணு நாளு. ரெண்டு தரம் கூப்புட்டாச்சு, வரமாட்டேங்கறா. மூணாந்தரம் கூப்புடத்தான் இப்பப் போயிட்டிருக்கறேன். சண்டையான்னு கேட்டீங்கன்னா சண்டையே இல்லீங்க. எல்லாம் அந்த ஓட்டல் பண்ணுன வேலை.

நான் ஆருன்னு தெரிஞ்சாத்தான் உங்களுக்கு வெசயம் புடிபடும். எம்பேரு சென்னியப்பன். மஞ்சக்காடு நாலேக்கரா, தென்னை ஒரு அம்பது. அது இருக்கறவன் ஊருக்கு நூறு பேரு. எனக்குன்னு ஒரு பேரு இருக்குதுன்னா அது பந்தி விசாரிக்கறதுலதானுங்க. எங்க சனத்துல எந்தக் கல்யாணம் காதுகுத்துன்னாலும், பத்திரிகை வெக்கறப்பவே சொல்லீருவாங்க: "மாமா, பந்திக்கு நீங்க நிக்கோணும்." சமைக்கறதுக்கு ஆளு கெடைக்கும், பரிமாறறதுக்கும் கெடைக்கும். எலைக்கு எலை நின்னு, அவுங்க மூஞ்சியப் பாத்து, "ஏனுங்க மச்சா, பருப்பு தொடவே இல்லையாட்ட இருக்குது"ன்னு கேக்கறதுக்கு ஆளு கெடைக்கமாட்டாங்க.

அதுல ஒரு சட்டம் இருக்குதுங்க. மரியாதைப்பட்டவன் வேண்டாம்னுதான் சொல்லுவான். மொதத்தரம் வேண்டாம்னா அது மரியாதை. ரெண்டாந்தரம் வேண்டாம்னா அது கூச்சம். மூணாந்தரமும் வேண்டாம்னாத்தான் வவுறு நெறஞ்சுதுன்னு அர்த்தம். எலைக்குக் குறுக்க கையை வெச்சு மறைப்பாங்க பாருங்க, அப்ப வெரலு சந்து உட்டிருக்குதான்னு பாக்கோணும். சந்து உட்டிருந்தா அந்தாளுக்கு ரசம் வேணும். ஆனா எலைய மடிச்சுட்டா அதுக்கு மேல ஒரு வார்த்தை கேக்கப்படாது. கேட்டா அது உபசாரமில்ல, ரோதனை. நாப்பது வருசமா நான் இதுல தப்புனதில்லீங்க.

சரி, வெசயத்துக்கு வர்றேன். புள்ளைக்கு வயசு இருவத்தியாறாச்சு. கோயமுத்தூர்ல ஒரு எடம் வந்துச்சு. பம்ப்செட்டுக் கம்பெனி வெச்சிருக்கறவங்க. அவுரு பேரு நித்தியானந்தம், அந்தம்மா சுகந்தி, ஒரே பையன் அக்‌ஷய். ரெண்டு வருசம் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தவன். சாதகம் அப்பிடியே பொருந்துது. நானு ஊரெல்லாம் சொல்லீட்டேன். பின்ன சொல்லமாட்டனா?

புள்ளகிட்டயும் கேட்டனுங்க. கேக்காம எல்லாம் பண்ற ஆளில்ல நான். போன்ல சொன்னேன். "அப்பா, எனக்கு இந்த எடம் வேண்டாம்"னா. சரி, மரியாதை. தீவாளிக்கு வந்தப்ப அடுப்படியில நின்னுட்டு மறுக்காவும் சொன்னா, "வேண்டாம்ப்பா, எனக்கு இப்பக் கல்யாணமே வேண்டாம், நான் ஒரு பரிச்சைக்குப் படிச்சுட்டிருக்கறேன்"னு. சரி, கூச்சம். ரெண்டுதானே ஆச்சு. நான் அவுங்களுக்கு, பாக்க வாங்கன்னு சொல்லி உட்டேன்.

அவுங்க என்ன பண்ணுனாங்க, "வீட்டுக்கு வந்து பஜ்ஜி சொஜ்ஜின்னு உங்களுக்கு எதுக்குச் செரமம், எல்லாரும் சகஜமா ஒரு எடத்துல உக்காந்து சாப்புட்டுட்டே பேசலாம், ஞாயித்துக்கெழம மத்தியானம் வாங்க"ன்னு அந்த ஓட்டலுக்குக் கூப்புட்டாங்க. பேரெல்லாம் கேக்காதீங்க. கோயமுத்தூர்லதான், பெரிய பெரிய மரமா இருக்கற ரோட்டுல. வாசல்ல போர்டே இல்ல. செவுத்துல ஒரு மூலையில, எறும்பு ஊர்றாப்பல சின்னதா இங்கிலீசுல எழுதியிருக்குது. கூட்டம் வரக்கூடாதுன்னு ஓட்டல் நடத்தறவனை நான் அங்கதானுங்க பாத்தேன்.

உள்ள போனா மேசைல எலையுமில்ல தட்டுமில்ல. ஆளுக்கு ஒரு கல்லு, அதுமேலதான் சாப்பாடு வெப்பாங்களாம். ஆமாங்க, ஆத்தங்கரைல கெடக்குமே அந்தக் கல்லு. மெனு அட்டை கேட்டேன். "மெனு கெடையாது சார், செஃப் என்ன குடுக்கறாரோ அதுதான், மொத்தம் ஒம்பது வகை"ன்னு சொன்னா பரிமாற வந்த அம்மிணி. கருப்புச் சட்டை, முடிய இழுத்துக் கட்டியிருந்தா, ஒரு முப்பது வயசிருக்கும். சிரிச்ச மொகம்தான், குத்தஞ் சொல்லலை. ஒம்பது வகைன்னதும் நான் பெல்ட்ட ஒரு ஓட்டை தளத்திக்கிட்டேன். காலைல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படலை, சம்பந்தி ஊட்டு விருந்துன்னு.

மொதல்ல ஒரு கண்ணாடிக் குடுவைய மூடிக் கொண்டுவந்தாங்க. உள்ள ஒரே பொகை. தெறந்தாங்க, பொகை எல்லார் மூஞ்சிலயும் அடிச்சுது. பொகை போனதுக்கப்பறம் பாத்தா, உள்ள சுண்டுவெரல் நகத்தளவு ஒரு பணியாரம். அதைக் கொண்டாறதுக்கு மூணு பேரு. அடுத்தது ஆஸ்பத்திரில ரத்தம் எடுப்பாங்களே அந்தச் சீசா. அதுல ரசம். அந்த அம்மிணி கையைக் கட்டிட்டு நின்னு சொல்றா, "இது எங்க செஃப் சின்ன வயசுல மழையில நனைஞ்சுட்டு வந்தப்ப குடிச்ச ரசத்தோட ஞாபகம் சார்." அந்தாளு மழையில நனஞ்சதுக்கு நான் ஏனுங்க குடிக்கோணும்? ஆனா சம்பந்திமாரு ரெண்டு பேரும் கண்ணை மூடிட்டுக் குடிச்சாங்க. நானும் மூடிக்கிட்டேன்.

மூணாவது வந்தது "அரிசிம்பருப்பின் மறுவிளக்கம்." எங்கூர்ல அரிசிம்பருப்புக்கு மொத விளக்கமே ஆரும் கேட்டதில்லீங்க. ஒரு கரண்டி சோத்தைக் கோலிக்குண்டாட்டம் உருட்டி வறுத்து, மேல நெய்யப் பொடியாக்கித் தூவியிருந்தாங்க. நெய்யப் பொடியாக்கறதுக்கு எத்தனை படிச்சிருக்கோணும் பாருங்க. ஆனா சொல்லோணும், வாயில போட்டா ருசி அபாரம். அதுதான் கெரகம். ருசி மட்டும் இல்லாம இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் போயிருக்காது.

அந்த அம்மிணி பக்கத்துல வந்து, "இன்னும் ஒண்ணு வெக்கட்டுங்களா சார்?"னு கேட்டா. நான் என்ன சொல்லுவேன்? சம்பந்தி முன்னால, "வேண்டாம் வேண்டாம்"னு கல்லு மேல கையைக் குறுக்க வெச்சேன். வெரலு சந்து நல்லாவே உட்டுத்தானுங்க வெச்சேன். அவ "சரிங்க சார்"னு சொல்லிட்டுக் கல்லை எடுத்துட்டுப் போயிட்டா.

எடுத்துட்டே போயிட்டாங்க. என்ற கையி அப்பிடியே காத்துல நிக்குது.

சரி, புதுசா வேலைக்கு வந்தவளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அடுத்தது சோளரொட்டி, வெண்ணெயோட. வாசம் தூக்குது. "இன்னொரு ரொட்டி வேணுங்களா சார்?" "ஐயோ, போதும்மா." "சரிங்க சார்." கூடை போயிருச்சு. எட்டாவது வகை வரைக்கும் இதே கதைங்க. ஒரு தரந்தான் கேக்கறா. அதுக்கு மேல கேக்கறதில்ல. நான் நம்மூரு வழக்கத்துக்கு வேண்டாங்கறேன், அவ அதை நெசம்னு எடுத்துக்கறா. நாலாயிரம் பேருக்குப் பந்தி விசாரிச்சவன், ஒம்பது வகை விருந்துல பட்டினி கெடந்தேன்னா நம்புவீங்களா?

ஆனா துளசி இருக்கறாளே, அவ அன்னிக்கு வேற மாதிரி இருந்தா. ஊட்டுல எல்லாரும் சாப்புட்டப்பறம் அடுப்படில நின்னுட்டே சாப்புடறவ அவ. அங்க அந்த அம்மிணி கேட்டதும், "ஆமா கண்ணு, இன்னொண்ணு வையி"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மேசைக்கடியில காலை மிதிச்சேன். அவ காலை நவுத்திக்கிட்டா. ரொட்டி ரெண்டு வாங்கிட்டா, அந்த வெண்ணெய மூணு தரம். அப்பறம் காளான்ல என்னமோ வந்துச்சு. அதைப் பாத்துட்டு, "இது வேண்டாங்கண்ணு, எனக்குக் காளான் புடிக்காது"ன்னா. எங்கம்மாவுக்குக் காளான்னா உசுரு. முப்பது வருசமா எங்கூட்டுல இவதான் ஆக்குவா, அதைச் சாப்புடவும் செய்வா. புடிக்காதுன்னு எனக்கே அன்னிக்குத்தானுங்க தெரியும். அந்த அம்மிணி, "சரிங்கம்மா, வேற கொண்டுவரேன்"னு கல்லை எடுத்துட்டுப் போனா. துளசி அந்தக் கல்லு உள்ள போற வரைக்கும் பாத்துட்டே இருந்தா. அப்பறம் எங்காதுகிட்ட வந்து, "பாத்தீங்களா, வேண்டாம்னதும் எடுத்துட்டுப் போயிட்டா"ன்னா. அதுல என்ன அதிசயம்னு எனக்கு இன்னி வரைக்கும் வெளங்கலை.

எட்டு முடிஞ்சுது. இனிப்பு ஒண்ணு பாக்கி. அப்பத்தான் அந்தச் சுகந்தியம்மா சௌபர்ணிகா பக்கம் திரும்புனாங்க. "எல்லார் முன்னாலயும் கேக்கறேன்னு தப்பா நெனச்சுக்காதம்மா. பெரியவங்க நாங்க பேசிட்டே போறோம். உனக்கு இதுல சம்மதமா?"ன்னு கேட்டாங்க.

என்ற புள்ள தலையக் குனியலீங்க. நேராப் பாத்து, "இல்லீங்க ஆன்ட்டி. எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாம். அப்பாகிட்ட ரெண்டு தரம் சொன்னேன். பேச்சை இவ்வளவு தூரம் வர உட்டதுக்கு மன்னிச்சுக்கங்க"ன்னுட்டா.

எனக்குப் பதட்டமே வரலீங்க, நெசமாச் சொல்றேன். ஏன்னா இது அவுங்க கேக்கற மொதத்தரம். இன்னும் ரெண்டு இருக்குது. நான் சிரிச்ச மொகத்தோட, அடுத்துக் கேப்பாங்கன்னு காத்திருந்தேன். அந்தம்மா என்ன பண்ணுனாங்க தெரியுமா? புள்ள கையப் புடிச்சு, "சொன்னியே, அதுவே போதும்மா. நல்லாப் படி"ன்னாங்க. அந்தப் பையனும் "தேங்க்ஸ்"னு சிரிக்கறான். நித்தியானந்தம், "எங்க கண்ணு அந்த இனிப்பு?"ன்னு பரிமாறற அம்மிணியக் கேக்கறாரு. அவ்வளவுதான். சம்பந்தம் முடிஞ்சுது. ரொட்டிக்கூடை போனாப்பலயே போயிருச்சு.

எனக்கு உசுரே போச்சு. எந்திரிச்சுட்டேன். "ஏனுங்க, புள்ள கூச்சப்படறா. இன்னொருக்காக் கேளுங்க"ன்னேன். அந்தம்மா, "எதுக்குங்க? சொல்லிட்டாளே"ன்னாங்க. நான் துளசியப் பாத்து, "நீயாச்சும் எடுத்துச் சொல்லு"ன்னேன். அவ, "வேண்டாங்கறா, உட்டுருங்களே"ன்னா.

அப்பத்தான் நான் ஒரு வார்த்தை சொன்னேன். வெளையாட்டுக்குச் சொன்னதுங்க. எங்க சனத்துல அது ஒரு சிரிப்புக் கதை, எத்தனையோ பந்தியில சொல்லிச் சிரிக்க வெச்சிருக்கறேன். "பொண்ணுக வேண்டாம்னுதானுங்க சொல்லும். இவளும்தான் சொன்னா. பொண்ணு பாக்கப் போனப்ப, அவுங்க அண்ணி உள்ள போயி ரெண்டு தரம் கேட்டாங்க. ரெண்டு தரமும் இந்த மாப்புள எனக்கு வேண்டாம்னு சொன்னவ இவ. அப்பறம் முப்பது வருசம் குடித்தனம் பண்ணலியா, ரெண்டு புள்ள பெக்கலியா?"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சேன்.

ஒருத்தரும் சிரிக்கலை. துளசி கையில இருந்த ஸ்பூனைக் கீழ வெச்சா. வாயத் தொடச்சுக்கிட்டா. "நான் நெசமாத்தானுங்க சொன்னேன்"னா.

சத்தமா எல்லாம் சொல்லலை. பக்கத்து மேசைக்குக் கூடக் கேட்டிருக்காது.

அதுக்குள்ள இனிப்பு வந்துருச்சு. என்ன இனிப்புன்னு எனக்குத் தெரியாது. நான் பாக்கலை.

வெளிய வந்து காருகிட்ட நின்னப்ப, "நான் பாப்பாவோட ரெண்டு நாள் இருந்துட்டு வர்றேன்"னா. சரி இருன்னுட்டு வந்துட்டேன். ஒரு வாரமாச்சு. போன் போட்டு, "வர்றியா?"ன்னேன். "இல்லீங்க"ன்னா. எனக்குச் சந்தோசந்தான். மரியாதை தெரிஞ்சவ, எடுத்த எடுப்புல வர்றேன்னு சொல்லுவாளான்னு இருந்துட்டேன். அடுத்த வாரம் நேராவே போனேன். முருங்கைக்கா, தேங்கா, அவளுக்குப் புடிச்ச கொய்யா, எல்லாம் ஒரு பை கட்டிட்டுப் போனேன். கொய்யா அவளுக்குப் புடிக்குமான்னு பஸ்ஸுல உக்காந்து ஒரே ரோசனை. எங்கம்மாவுக்குப் புடிக்கும், அது தெரியும்.

நல்லாத்தானுங்க கவனிச்சா. சோறாக்கிப் போட்டா. புளிக்கொழம்பு, அவ கைப்பக்குவம், ரெண்டு வாரம் கழிச்சுச் சாப்புடறேன். தட்டு காலியாச்சு. "இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?"ன்னா. "போதும்"னேன். டப்புனு சட்டிய மூடிட்டா.

முப்பது வருசத்துல அப்பிடி ஒரு நாளும் மூடுனதில்லீங்க. நான் போதும்பேன், அவ போடுவா, நான் வையுவேன், அவ மறுக்கா போடுவா. அதுதானே எங்கூட்டுச் சாப்பாடு. அன்னிக்குச் சட்டி நெறையச் சோறு இருக்குது, நான் பாக்கறேன், மூடிக் கெடக்குது. கையக் கழுவிட்டு எந்திரிச்சேன். அவ அதை வீம்புக்குப் பண்ணலீங்க, அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு. நான் போதும்னு சொன்னதை அவ நம்பியிருக்கறா.

"ஊட்டுக்குப் போலாமா துளசி?"ன்னு கேட்டேன். ரெண்டாந்தரம். "இல்லீங்க, எனக்கு இங்க நல்லா இருக்குது"ன்னா. பாப்பா வேலைக்குப் போனா இவ பக்கத்துப் பூங்காவுல நடக்கறாளாம். ஆரோ ஒரு பெங்காலியம்மா சினேகிதமாம். ரெண்டு பேருக்கும் பாசை தெரியாது, என்ன பேசுவாங்களோ.

எனக்கு மனசு கேக்கலை. கெளம்பறப்ப வாசல்ல நின்னுட்டு, "அன்னிக்கு உங்கண்ணி ரெண்டு தரந்தானே கேட்டாங்க. மூணாந்தரமும் நீ வேண்டாம்னிருந்தா நாங்க எந்திரிச்சுப் போயிருப்பம்ல. எங்க வழக்கம் உனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டுட்டேன். சும்மா ஒரு நாயத்துக்குத்தானுங்க கேட்டேன்.

அவ செருப்பை எடுத்து வெச்சா எனக்கு. "மூணாந்தரம் எங்கிட்ட ஆருங்க கேட்டா?"ன்னா. "எங்கப்பாரு, இவளைக் கேட்டுட்டிருந்தா ராகுகாலம் வந்துரும், நிச்சயத்துக்கு உப்புச்சக்கரைய மாத்துங்கன்னுட்டாரு. எனக்கு உள்ள கேட்டுச்சு. அண்ணி வருவாங்க, இன்னொருக்காக் கேப்பாங்கன்னு கதவையே பாத்துட்டு நின்னேன். நீங்க எல்லாம் பந்திக்குப் போயிட்டீங்க"ன்னா.

அன்னிக்கு அந்தப் பந்திய விசாரிச்சதும் நான்தானுங்க. மாப்புளையே பந்தி விசாரிக்கறான்னு ஊரே மெச்சிக்கிச்சு.

இப்ப நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க. நான் என்ன அடிச்சனா, வைஞ்சனா? கொடுமக்காரன்னு ஊருல ஒருத்தன் சொல்லட்டும். அந்த ஓட்டல்ல மட்டும் ஒரு மனுசன் நின்னு, மூணு தரம் கேட்டுப் பரிமாறியிருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா? அந்த அம்மிணி ஒரே தரம் கேட்டுக் கேட்டு எங்கூட்டு ஆளுகளக் கெடுத்துப்போட்டா. துளசி அந்த மூணு மணி நேரத்துல கெட்டவதான்.

கேக்கப் போறேன்னுதான் வந்தேன். கேட்டுருவேன். ஆனா கேக்கறதுலயும் ஒண்ணு இருக்குது பாருங்க. மூணாந்தரமும் வேண்டாம்னுட்டா, அதுக்கு மேல கேக்கப்படாது. அது என்ற சட்டம், நாப்பது வருசமா நான் ஊருக்குச் சொன்ன சட்டம். கேக்காம இருக்கற வரைக்கும் எனக்கு ஒரு தரம் பாக்கி இருக்குதுங்க. கேட்டுட்டா அதுவும் இருக்காது. நீங்க நாலு ஊரு பாத்தவராட்ட இருக்கறீங்க. நாலாந்தரம் கேக்கற வழக்கம் எங்கியாச்சும் இருக்குதுங்களா?

இல்லியா. நானும் கேள்விப்பட்டதில்ல.

சரவணம்பட்டி வந்துருச்சாட்ட இருக்குது. ஆமா, அதா அந்தக் கண்ணாடிக் கட்டடந்தான் பாப்பா கம்பெனி. அதுக்குப் பொறத்தாலதான் வீடு. எறங்கறவங்க எறங்கட்டும், நீங்க என்னைப் பாக்காதீங்க, நான் எறங்கலை. காந்திபுரம் போயி ஒரு காப்பியக் குடிச்சுட்டு, திரும்பற பஸ்ஸுல வந்து தெம்பா எறங்கிக்கறேன். போன வாரமும் அப்பிடித்தான் போனேன். அதுக்கு முந்துன வாரமும் அப்பிடித்தான். நான் சரவணம்பட்டின்னுதானுங்க சீட்டுக் கேக்கறேன், இந்தக் கண்டக்டரு காந்திபுரத்துக்கே கிழிச்சுக் குடுத்துர்றாரு.